பேர் வெட்டிய பாத்திரம்



போன இதழில் பேச்சோடு பேச்சாக, "பரணில் கிடக்கிற பழைய பாத்திரங்களைப் போட்டோ பிடித்து, செல்போனிலேயே விற்று நாலு காசு பார்க்கிறேன்" என்று ஒரு வரி எழுதினாலும் எழுதினேன், அதையே பிடித்துக்கொண்டுவிட்டீர்கள்! எப்படி விற்பது, யார் வாங்குவார்கள், கைக்காசு போடணுமா என்று கேள்விமேல் கேள்வி. சரி, இந்தத் தடவை முழுக்க அதுதான். ஆனால் வழிமுறையைச் சொல்வதற்கு முன்னால், நான் பட்ட ஓர் அவமானத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்தத் தொழிலின் முதல் பாடம் அதிலேதான் இருக்கிறது.

கும்பகோணத்துப் பெண்களுக்குப் பாத்திரத்தைப் பற்றிச் சொல்லித் தரவேண்டியதில்லை. கும்பேஸ்வரர் சன்னதிக் கடைகளில் பித்தளையும் வெண்கலமும் மின்னுவதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். குத்துவிளக்குக்குப் பேர் போன நாச்சியார்கோவில், பஸ் ஏறினால் அரை மணியில். அந்தக் காலத்தில் சீர் என்றால் குடம், அண்டா, தவலை, வெண்கலப் பானை, பால் தூக்கு என்று வண்டியில் வந்து இறங்கும். எவர்சில்வரும் குக்கரும் வந்தன. இவை எல்லாம் பரணுக்கு ஏறிவிட்டன. இப்போதோ, சென்னையிலும் கோவையிலும் புதுவீடு கட்டுகிறவர்கள் வெண்கலப் பானையில் பொங்கல் வைக்கணும், வாசலில் பித்தளை உருளியில் பூ மிதக்கவிடணும் என்று அதையே தேடுகிறார்கள். புதுசு வாங்க விலை கட்டுபடியாகவில்லை. பழசு கெட்டியாகவும் இருக்கிறது, விலையும் குறைவு.

நாலு வருஷத்துக்கு முன்பு எங்கள் வீட்டுப் பித்தளைக் குடம் இரண்டைத்தான் முதலில் வாட்ஸ்அப்பில் போட்டேன். ஒரே நாளில் போய்விட்டது. அப்புறம் தெரிந்தவர்கள் வீட்டிலும் வாங்கி விற்க ஆரம்பித்தேன். இவர் எனக்குப் 'பேரீச்சம்பழக்காரி' என்று பேரே வைத்துவிட்டார்!

இனி அந்தக் கதை.

இரண்டு தெரு தள்ளி ஒரு வீடு. இடித்துக் கட்டப் போகிறார்கள். அந்த வீட்டு மருமகள் போன் பண்ணினாள். "அக்கா, பரணைக் காலி பண்றேன். வேணுங்கறத எடுத்துக்குங்க. எடை போட்டுக் காசு குடுத்தாப் போதும்."

போனேன். பதினோரு உருப்படி. அதில் ஒன்று வெண்கலப் பானை. நாலு கிலோ இருநூறு. விரலால் சுண்டினால் கோயில் மணி மாதிரி கணீரென்றது. அதற்கு மட்டும் 2,600 ரூபாய் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து புளி போட்டுத் தேய்த்தபோது, கழுத்துக்குக் கீழே புள்ளி புள்ளியாக எழுத்து தெரிந்தது. ஒரு பெண்ணின் பேர், பக்கத்தில் '1968'. 'ஆகா, பழசுக்கு அத்தாட்சி!' என்று சந்தோஷப்பட்டு, அதையும் சேர்த்துப் படம் எடுத்துப் போட்டேன். கோயம்புத்தூர் அம்மா ஒருத்தர் 4,500 ரூபாய்க்குக் கேட்டார். பார்சல் போய்விட்டது.

அந்தப் பேர் யாருடையது என்று ஒரு நிமிஷம் யோசித்தேனா? இல்லை!

ஒரு வாரம் கழித்து விடியற்காலை, நான் கோலம் போட்டுக்கொண்டிருக்கிறேன். மன்னார்குடியில் மகள் வீட்டுக்குப் போயிருந்த அந்த வீட்டு மாமியார் எதிரே வந்து நிற்கிறார். எழுபத்தைந்து வயதுக்கு மேலிருக்கும்.

"ஏம்மா, என் பானை ஒங்கிட்ட இருக்காமே?"

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "வாங்க பெரியம்மா, உக்காருங்க" என்றேன். உட்காரவில்லை.

"அறுபத்தெட்டு மகாமகத்துக்கு எங்கப்பா வந்தாரு. எனக்கு அப்பத்தான் கல்யாணம் ஆயிருந்துச்சு. குளத்துல முங்கிட்டு, ஈரவேட்டியோட கடைக்குப் போயி வாங்கி, பேர் வெட்டிக் குடுத்தாரு. அதான் அவரு எனக்குக் கடைசியா வாங்கிக் குடுத்தது."

சத்தம் போட்டுத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவர் திட்டவில்லை.

கோயம்புத்தூருக்குப் போன் போட்டேன். அந்த அம்மா முதலில் சம்மதிக்கவில்லை. "காசு குடுத்து வாங்கினேன், அது என் பொருள். பொங்கலுக்குன்னு எடுத்து வச்சிருக்கேன்" என்றார். அவர் சொன்னதும் நியாயம்தானே? தப்பு அவர் மேலா, என் மேலா? உள்ளதை உள்ளபடி சொன்னேன். அவர் கொடுத்த பணத்தைப் பார்சல் கூலியோடு திருப்பித் தருகிறேன், திரும்பி வரும் கூலியும் என்னுடையது என்றேன். மறுநாள் அவரே கூப்பிட்டு, "அனுப்பிட்டேங்க" என்றார். அந்த மருமகளும் முகம் சுளிக்காமல் 2,600 ரூபாயைத் திருப்பித் தந்துவிட்டாள். பாவம், அவளுக்கும் தெரியாது. அது யாருக்கும் வேண்டாத சாமான் என்றுதான் நினைத்திருக்கிறாள். போக வரப் பார்சல் கூலி 840 ரூபாய் எனக்கு நஷ்டம். பள்ளிக்கூடத்தில் படித்திருந்தால் இதைவிட அதிகம் ஃபீஸ் கட்டியிருப்பேன் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

கதை இதோடு முடியவில்லை. பானையைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது பெரியம்மா சொன்னார்: "நான் விக்கவே மாட்டேன்னா சொன்னேன்? என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?" அடுத்த மாதம் அவரே கூப்பிட்டு விட்டார். இரண்டு தவலை, ஓர் அண்டா. விலையையும் அவரே சொன்னார். அடிமாட்டு விலைக்குக் கேட்காதே என்று எச்சரிக்கை வேறு! விற்ற பணத்தைத் தன் பேரில் உள்ள போஸ்டாபீஸ் புத்தகத்தில் போட்டுக்கொண்டார்.

ஆகவே என் முதல் விதி: பாத்திரத்தில் யார் பேர் வெட்டியிருக்கிறதோ, அவரைக் கேட்காமல் வாங்காதே. அவர் இருக்கும்போது பணத்தை இன்னொருவர் கையில் கொடுக்காதே. இது வெறும் தர்மநியாயம் மட்டுமில்லை. ஒரு பெண்ணுக்குப் பிறந்த வீட்டில் கொடுத்த நகை, பாத்திரம் எல்லாம் அவளுடைய ஸ்திரீதனம். அது அவளுக்கே முழு உரிமையான சொத்து, கணவன் வீட்டார் கையில் இருந்தாலும் அவள் சொத்துதான் என்று 1985-ல் பிரதிபா ராணி வழக்கில் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது. பேர் இல்லாத பாத்திரமானாலும், "வீட்டுப் பெரியவங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் இப்போது தராசையே எடுக்கிறேன்.

மற்ற விஷயங்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

குறையை மறைக்காதீர்கள். ஒடுக்கு, ஓட்டை, பற்றவைத்த இடம் எல்லாவற்றையும் படம் எடுத்துப் போடுங்கள். ஈபே என்ற பெரிய இணையச் சந்தையை 1995-ல் அமெரிக்காவில் தொடங்கிய பியர் ஒமிடியார், அதில் முதன்முதலில் விற்றது என்ன தெரியுமா? உடைந்துபோன ஒரு லேசர் விளக்கு, 14.83 டாலருக்கு! "இது உடைந்தது, தெரியுமா?" என்று வாங்கியவரைக் கேட்டாராம். "தெரியும், நான் உடைந்ததைத்தான் சேர்க்கிறேன்" என்று பதில் வந்ததாம். ஒடுக்குள்ள குடத்துக்கும் ஆள் உண்டு. ஒடுக்கை மறைத்தவளிடம்தான் மறுபடி யாரும் வரமாட்டார்கள்.

படம். முற்றத்திலோ வாசல் திண்ணையிலோ, காலை வெளிச்சத்தில் எடுங்கள். நாலு பக்கம், உள்பக்கம், அடிப்பக்கம். பக்கத்தில் ஒரு அடி ஸ்கேலை வையுங்கள். எத்தனை பெரிசு என்பது தானே தெரியும். எடை, வாய் அகலம், எத்தனை லிட்டர் பிடிக்கும் என்று கீழே எழுதிவிடுங்கள்.

உலோகம். செம்பும் துத்தநாகமும் சேர்ந்தது பித்தளை. செம்பும் வெள்ளீயமும் சேர்ந்தது வெண்கலம். வெண்கலத்தைச் சுண்டினால் நாதம் நீளும். கீழே போட்டால் விரிசல் விடும். பச்சையாகப் பூத்திருக்கும் களிம்பைச் சுத்தமாக எடுத்துவிடவேண்டும். பழுப்பு நிறம் மட்டும் இருந்தால் ரொம்பத் தேய்க்காதீர்கள். பழசை விரும்புகிறவர்கள் அந்த நிறத்தைத்தான் விரும்புகிறார்கள்.

இளம் தாய்மார்கள் இதைக் கட்டாயம் படியுங்கள். பித்தளைப் பாத்திரத்தில் உள்ளே ஈயப்பூச்சு போயிருந்தால், மறுபடி பூசாமல் புளிப்புப் பண்டம் வைக்கக்கூடாது. ஈயச் சொம்பில் இன்னும் ஜாக்கிரதை வேண்டும். ரசம் வைப்பது வெள்ளீயச் சொம்பில். காரீயமோ விஷம், குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இதில் 'இவ்வளவு வரை பரவாயில்லை' என்ற அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பழைய சொம்பில் காரீயம் கலந்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்லமுடியாது. அதனால் பழைய ஈயச் சொம்பை நான் "அலங்காரத்துக்கு மட்டும், சமையலுக்கு அல்ல" என்று எழுதித்தான் விற்கிறேன். விலை குறையும், குறையட்டும். எவள் வீட்டுக் குழந்தையோ ரசம் சாதம் சாப்பிடப் போகிறது!

பார்சல். இதில்தான் லாபம் கரையும். பல கூரியர்களில் எடையை மட்டும் பார்ப்பதில்லை. பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுக்கிறார்கள். அதில் வருகிற எண் நிஜ எடையைவிட அதிகமானால், அதற்குத்தான் கூலி. மூன்று கிலோக் குடத்தை நாற்பதுக்கு நாற்பதுக்கு நாற்பது பெட்டியில் வைத்தால் 12.8 கிலோவுக்குக் காசு கேட்பார்கள்! அதனால் விலை பேசும் முன்பே பெட்டியை அளந்து கூலி கேட்டுக்கொள்ளுங்கள். குடத்துக்குள்ளே சொம்பு, சொம்புக்குள்ளே டம்ளர் என்று ஒன்றாக வாங்குகிறவர்களுக்குக் கூலி மிச்சம். இடையில் பழைய நூல்புடவையைக் கிழித்துச் சுற்றினால் உரசாது.

பணம். பணம் வந்தபிறகுதான் பார்சல். "இந்தக் கட்டத்தை ஸ்கேன் பண்ணி பின் நம்பரைப் போடுங்க, உங்களுக்குப் பணம் வரும்" என்று எவனாவது அனுப்பினால் திருடன் என்று அர்த்தம். பணம் வாங்க பின் நம்பர் தேவையே இல்லை, கொடுக்கத்தான் தேவை. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல், உடனே 1930 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள். வெளிமாநிலத்துக்கு விற்க நினைத்தால், ஜி.எஸ்.டி. பற்றி முன்கூட்டியே ஒரு ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

தொடக்கூடாதவை. ஒருநாள் விளக்கு வைக்கிற நேரத்தில், துணி மூட்டையோடு ஒரு ஆள் வந்தான். "வயல்ல கெடச்சதும்மா, பஞ்சலோகம்." மூட்டையை அவிழ்க்கவே விடவில்லை நான்! மண்ணில் கிடைத்த புதையலை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்கவேண்டும் என்பது 1878-ஆம் வருஷத்துச் சட்டம். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கலைப்பொருளை விற்கும் தொழிலுக்கு உரிமம் வேண்டும், தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்பவே கூடாது என்பது 1972-ஆம் வருஷத்துச் சட்டம். அரியலூர் மாவட்டம் சுத்தமல்லி கோயில் சிலைத் திருட்டு வழக்கில், நியூயார்க்கில் கலைப்பொருள் கடை வைத்திருந்த சுபாஷ் கபூருக்கு 2022 நவம்பரில் பத்து வருஷம் சிறை கொடுத்தது நம் கும்பகோணம் கோர்ட்தான். சாமி சிலையும் வேண்டாம், யானைத் தந்தத்துக் குங்குமச் சிமிழும் வேண்டாம். நமக்குக் குடமும் தவலையும் போதும்.

கணக்கு. நாற்பது பக்க நோட்டு ஒன்று போடுங்கள். தேதி, யாரிடம் வாங்கியது, என்ன பேர் வெட்டியிருக்கிறது, எடை, வாங்கிய விலை, விற்ற விலை, பார்சல் கூலி. மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்தால், கைக்கு வந்தது எத்தனை, கைவிட்டுப் போனது எத்தனை என்று தெரிந்துவிடும். சில மாதம் எனக்கு ஆயிரம்கூட மிஞ்சாது. தை மாதத்துக்கு முன்னால் நன்றாக ஓடும். முதலில் உங்கள் வீட்டுச் சாமானையே இரண்டு விற்றுப் பாருங்கள். கைக்காசு போட்டு வாங்குவது அப்புறம் இருக்கட்டும்.

போன பொங்கலன்று அந்தப் பெரியம்மா வீட்டிலிருந்து எனக்கு ஒரு கிண்ணம் சர்க்கரைப் பொங்கல் வந்தது. கொண்டுவந்தவள் மருமகள்தான். "அத்தை பானையில வச்சது, அக்கா. இந்த வருஷம் என்னையே வைக்கச் சொன்னாங்க" என்றாள். 840 ரூபாயை அன்றைக்கே மறந்துவிட்டேன்.

உங்கள் வீட்டுப் பரணில் என்ன இருக்கிறது? இறக்கித் துடைத்து, யார் பேர் இருக்கிறது என்று பார்த்து எழுதுங்கள். அடுத்த இதழில், கிழிந்த பட்டுப்புடவையின் ஜரிகையை விற்கப்போய் நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன்.