கப்பல் வரும்வரை: தீவுகளில் பீதி நோய்க்கான மருந்துத் தேர்வு

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் அந்தமான் நிக்கோபார்த் தீவுகளில் பணியாற்றிய பெங்களூரு நிம்ஹான்ஸ் குழு, தப்பிப் பிழைத்தோரிடம் கண்ட மனநலச் சிக்கல்களுள் பீதி நோயையும் பதிவு செய்தது. வாழிடம் இழந்து முகாம்களுக்கு வந்தோரிடம் உளநோய் விகிதம் 5.2 விழுக்காடு, சொந்த இடத்திலேயே தங்கியோரிடம் 2.8 விழுக்காடு. அந்த ஆய்வைப் படிப்போருக்கு இன்றும் ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. மருத்துவரை அடையவே கப்பலுக்குக் காத்திருக்க வேண்டிய ஒருவருக்கு எந்த மருந்தை எழுதுவது?

பீதித் தாக்குதல் முன்னறிவிப்பின்றி வருவது. நெஞ்சு படபடக்கும், மூச்சு முட்டும், கைகால் நடுங்கும், உயிர் பிரியப்போகிறது என்ற உறுதி மனத்தைக் கவ்வும். முதன்முறை வரும்போது இதயத்தையும் தைராய்டையும் சோதித்து விலக்குவது மருத்துவரின் கடமை. அதன் பின்னரே மருந்து பற்றிய விவாதம் தொடங்க வேண்டும்.

பெரும்பாலோர் கேட்பதும் பல இடங்களில் எளிதாகக் கிடைப்பதும் அல்பிரசோலாம் போன்ற பென்சோடையாசெபின் வகை மாத்திரைகள். அவை விரைவாக அமைதி தருகின்றன என்பது உண்மை. ஆனால் தாக்குதல் சில நிமிடங்களில் உச்சத்தை எட்டித் தானாகவே தணியத் தொடங்கும். விழுங்கிய மாத்திரை இரத்தத்தில் போதிய அளவை எட்ட அதைவிடக் கூடுதல் நேரமாகும். உடல் தானே செய்துகொண்ட பணிக்கான புகழ் மாத்திரைக்குச் சேர்கிறது. அது பையில் இல்லாமல் வெளியே செல்ல முடியாத நிலை வருகிறது; அந்நிலையே நோயின் இன்னொரு வடிவமாகிறது. பல வாரங்கள் தொடர்ந்து உண்டவர் திடீரென நிறுத்தினால் பதற்றம் முன்னிலும் கடுமையாகத் திரும்பும், வலிப்புகூட வரலாம். பருவமழைக் காலத்தில் கப்பல் தாமதமாகும் ஒரு தீவில் அந்த ‘திடீர் நிறுத்தம்’ நோயாளியின் விருப்பத்தைப் பொறுத்ததன்று.

முதல்நிலைச் சிகிச்சையாக ஏற்கப்பட்டுள்ளவை செர்ட்ராலின், எஸ்சிட்டலோபிராம், பராக்செட்டின், ஃபுளுவாக்செட்டின் முதலிய எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மருந்துகளும் வென்லாஃபாக்சினும் ஆகும். 1960களில் டொனால்டு கிளைன் இமிப்ரமினைக் கொண்டு பீதித் தாக்குதல்களை அடக்கலாம் எனக் காட்டியதே இவ்வழிக்குத் தொடக்கம். இவை பலன் தரச் சில வாரங்கள் ஆகும். முதல் நாள்களில் படபடப்பு சற்று மிகலாம். எனவே குறைந்த அளவில் தொடங்குவதும் அதை நோயாளியிடம் முன்கூட்டியே சொல்வதும் இன்றியமையாதவை. சொல்லாவிடில் அவர் முதல் வாரத்திலேயே மருந்தைக் கைவிடுவார்.

இவ்வகைக்குள்ளும் தேர்வு உண்டு. பராக்செட்டினும் வென்லாஃபாக்சினும் ஓரிரு நாள் தவறினாலே தலைச்சுற்றல், குமட்டல், எரிச்சல் போன்ற தொல்லைகளைத் தரக்கூடியவை. ஃபுளுவாக்செட்டினும் அதன் வளர்சிதைப் பொருளும் வாரக்கணக்கில் உடலில் தங்குவதால் சில நாள் இடைவெளியைத் தாங்கும். பெருநகர மருத்துவமனையில் சிறிதெனத் தோன்றும் இவ்வேறுபாடு, போர்ட் பிளேரிலிருந்து (இன்றைய ஸ்ரீ விஜயபுரம்) நெடுந்தொலைவில் உள்ள காம்ப்பெல் விரிகுடாவிலோ கச்சாலிலோ முதன்மையானது. அங்கே மருந்தின் அரை ஆயுளைக் கப்பல் அட்டவணையோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

அடுத்த மாதம் வரை திரும்ப வர இயலாதவருக்கு உடனடி நிவாரணம் தராமல் அனுப்புவது இரக்கமற்றது என்னும் வாதம் புறக்கணிக்கத்தக்கதன்று. தொடக்கத்தின் சில வாரங்களுக்கு, நிறுத்தும் தேதியையும் குறைக்கும் முறையையும் எழுதித் தந்து, பென்சோடையாசெபினைத் துணைமருந்தாக அளிப்பதில் நியாயம் உண்டு. தேதியின்றித் தருவதே தவறு. மேலும், 2020இல் வெளியான தொலைமருத்துவ வழிகாட்டுதல்கள் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின்கீழ் வரும் மருந்துகளைத் தொலைவிலிருந்து எழுதத் தடை விதித்தன. அல்பிரசோலாம் அவற்றுள் ஒன்று. கடல் கடந்து தொடர முடியாத மருந்தில் ஒரு தீவுவாசியைப் பழக்குவது எவ்வகை இரக்கம்?

சட்டத்திலும் ஓர் இடைவெளி உண்டு. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவு, இன்றியமையா மருந்துகள் அரசு நிலையங்களில் எக்காலத்தும் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்கிறது. ஆனால் அவ்வுறுதி சமுதாய நல மையத்திலிருந்தே தொடங்குகிறது. சிறு தீவுகள் பலவற்றில் இருப்பதோ ஆரம்ப சுகாதார நிலையம். தீவுகளுக்கேனும் அவ்வுறுதியை ஆரம்ப நிலையம் வரை இறக்க வேண்டும். மழைக்காலத்திற்கு முன்பே மூன்று மாத இருப்பு அங்கே சேர வேண்டும்.

மருந்தோடு சமமாக நிற்பது அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை. அதற்கு மருந்துக்கிடங்கு வேண்டா. நோயாளியின் மொழி வேண்டும். 2011 கணக்கெடுப்பின்படி இத்தீவுகளில் சுமார் 15 விழுக்காட்டினர் தமிழர். கச்சாலின் ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்ட இலங்கைத் தாயகம் திரும்பியோர் இரண்டு இடப்பெயர்வுகளையும் ஓர் ஆழிப்பேரலையையும் கண்டவர்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் உதவி எண்ணான 14416, அவர்கள் தம் அச்சத்தைத் தமிழில் சொல்ல ஒரு வாயில். அவ்வாயிலை அடுத்த கிராமச் செவிலியருக்குத் தமிழிலும் நிக்கோபாரிய மொழியிலும் பயிற்சி தருவது பெருஞ்செலவு அன்று.

சொந்த மண்ணில் தங்கியோரிடம் நோய் குறைவாக இருந்தது என்னும் பழைய எண்ணிக்கையை மருந்து எழுதுவோரும் கொள்கை வகுப்போரும் மறக்கலாகாது. சிகிச்சைக்காக மனிதரை மீண்டும் இடம்பெயர்க்காமல், சிகிச்சையை அவர் இருக்கும் தீவுக்குக் கொண்டுசெல்வதே முறை.