பட்டறைக்குச் செல்லும் பழகுநர்

மாங்காட்டிலிருந்து அதிகாலையில் பேருந்தேறி, அம்பத்தூர் தொழிற்பேட்டையின் பட்டறையொன்றில் லேத் இயந்திரத்தின் முன் நின்று, இரும்பை நூலிழை பிசகாமல் கடையப் பழகும் இளைஞர், தேசத்தின் தொழில் பாரம்பரியத்திற்கு வாரிசாவார். 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம் அவருக்கு உதவித்தொகையை உரிமையாக்கியது. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்கள், அரசுப் பள்ளிகளில் பயின்று ஐ.டி.ஐ.யில் சேர்ந்தோர்க்கும் மாதம் 1,000 ரூபாய் வழங்குவது போற்றத்தக்கது.

ஆயினும், 30 பேருக்குக் குறைவானோர் பணியாற்றும் ஸ்தாபனங்கள் பழகுநரைச் சேர்ப்பது கட்டாயமன்று என 2019-ஆம் ஆண்டின் விதிகள் விட்டிருப்பதால், சிறு பட்டறைகள் மிகுந்த இப்பிரதேசத்தில் நற்பயிற்சிக்கான வாய்ப்பு குறுகிவிடுகிறது. ஆகவே, அருகருகேயுள்ள பட்டறைகள் ஒன்றுகூடிப் பழகுநரை ஏற்கவும், உதவித்தொகை மாதந்தவறாமல் கைசேரவும், பயிற்சியின் பெயரால் எடுபிடி வேலை வாங்கும் அநீதி ஒழியவும் அரசாங்கம் தாமதமின்றி ஆவன செய்தல் அவசியம்.