சைக்கிளை விட்டு இறங்கச் சொல்வது யார்?

என் தாத்தாவிடம் சைக்கிள் இருந்தது. ஆனால் ஊர்த்தெருவில் அவர் அதை ஓட்டியதே இல்லை. உருட்டிக்கொண்டே போய், தெரு தாண்டிய பிறகுதான் ஏறுவார். தமிழ்நாட்டின் பல ஊர்களில் இது எழுதாத சட்டம். சில ஊர்களில் இன்றும் அப்படித்தான்.

சென்னையில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. ஆனால் கூவம், அடையாற்றுக் கரைகளிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டு, பெரும்பாக்கத்தில் குடியமர்த்தப்பட்ட மக்களைப் பாருங்கள். பெரும்பாலும் தலித்துகள். வேலை நகரத்துக்குள்ளேயே இருக்கிறது. வீடு மட்டும் 20 கிலோமீட்டருக்கு அப்பால் போய்விட்டது. விடியுமுன் வேலையில் நிற்க வேண்டிய துப்புரவுத் தொழிலாளி, பழைய மாமல்லபுரம் சாலையில் லாரிகளுக்கு நடுவே சைக்கிள் மிதிக்கிறார்.

நடப்பவருக்கும் சைக்கிளில் போகிறவருக்கும் முன்னுரிமை தருவதாகச் சென்னை மாநகராட்சி 2014-இல் ஒரு கொள்கையே வகுத்தது. 2019-இல் வாடகைச் சைக்கிள்களும் வந்தன, செல்பேசிச் செயலி வைத்திருப்பவர்களுக்காக.

ஞாயிறு காலை ஹெல்மெட் மாட்டி ஓட்டுபவர் 'சூழலியல் ஆர்வலர்'. அன்றாடம் மிதிப்பவர் 'போக்குவரத்துக்கு இடைஞ்சல்'. இரண்டும் ஒரே வண்டிதான், தோழர்களே!

சைக்கிள் பாதை கேட்போம். அது கடற்கரையில் தொடங்க வேண்டாம், பெரும்பாக்கத்தில் தொடங்கட்டும். கூடவே, உழைக்கும் மக்களை நகரத்தை விட்டுத் துரத்துவதையும் நிறுத்தச் சொல்வோம். தாத்தாவை இறங்கச் சொன்னது சாதி. இன்று அவர் பேரப்பிள்ளைகளை ஓரமாகப் போகச் சொல்வதும் அதுதான்.