கைக்குழந்தையோடு சிறையில் எழுதிய டைரி!

வயது 22 தான். பால்குடி மறக்காத ஆண் குழந்தை. வசதியான குடும்பம், நல்ல படிப்பு. ரோமானியப் பேரரசர்களின் நலனுக்காக ஒரு பலி செலுத்தினால் போதும், அந்தப் பெண் வீட்டுக்குப் போய்விடலாம். செலுத்த மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அவர் பெயர் பெர்பெத்துவா.

இன்றைய துனிசியாவில் இருக்கிறது கார்த்தேஜ். கி.பி. 203-ல் அது ரோமானியப் பேரரசின் பெரிய நகரங்களில் ஒன்று. கிறிஸ்தவ மதத்தில் சேரத் தயாராகிக்கொண்டிருந்த சில இளையவர்கள் அங்கே கைதானார்கள். அவர்களில் பெர்பெத்துவாவும் ஒருவர். பெலிசித்தா என்ற அடிமைப் பெண்ணும் உடன் இருந்தார். அவர் எட்டு மாத கர்ப்பிணி.

அந்தக் காலத்தில் மதத்துக்காக உயிர்விட்டவர்கள் பலர். ஆனால், பெர்பெத்துவா சிறையில் நடந்ததைத் தானே எழுதி வைத்தார். கிறிஸ்தவப் பெண் ஒருவர் எழுதி இன்றுவரை கிடைத்திருக்கும் மிகப் பழைய எழுத்துகளில் அதுவும் ஒன்று.

அதில் வீர வசனம் தேடினால் கிடைக்காது. சிறையின் இருட்டு, நெரிசல், புழுக்கம், பசியில் துவளும் குழந்தை... இவைதான் வருகின்றன. சபையைச் சேர்ந்த இருவர் காவலர்களுக்குப் பணம் கொடுத்து, கைதிகளைச் சில மணி நேரம் நல்ல இடத்தில் இருக்க வைத்தார்கள். அங்கேதான் குழந்தைக்குப் பால் கொடுத்தார். பிறகு குழந்தையைத் தன்னோடு வைத்துக்கொள்ள அனுமதி கிடைத்ததும், சிறையே அவருக்கு அரண்மனைபோல ஆகிவிட்டதாம்.

மனதைப் பிசைவது அப்பா வரும் பகுதிகள். அவர் கிறிஸ்தவர் அல்ல. முதலில் கோபப்பட்டார். அங்கிருந்த ஒரு ஜாடியைக் காட்டி, இதை வேறு பெயரில் அழைக்க முடியுமா என்று கேட்டார் மகள். முடியாது என்றார் அப்பா. அப்படித்தான் நானும், கிறிஸ்தவள் என்பதைத் தவிர வேறு எதுவாகவும் என்னைச் சொல்லிக்கொள்ள முடியாது என்றார் பெர்பெத்துவா.

அடுத்த முறை அப்பா கெஞ்சினார். தன் நரைத்த தலையைக் காட்டினார். மகளின் கைகளை முத்தமிட்டு, காலில் விழுந்து அழுதார். விசாரணை நாளில் பேரனைத் தூக்கிக்கொண்டே வந்து நின்றார். ஆளுநர் ஹிலாரியானுஸும், அப்பாவையும் பிள்ளையையும் பார்த்து மனம் இரங்கச் சொன்னார். பெர்பெத்துவா மறுத்தார். விடாமல் வற்புறுத்திய அப்பாவைப் பிரம்பால் அடிக்க உத்தரவிட்டார் ஆளுநர். அந்த அடி தன்மேலேயே விழுந்ததுபோல வலித்தது என்கிறது டைரி. ஆனாலும் முடிவு மாறவில்லை.

பெலிசித்தாவின் கவலை வேறு. கர்ப்பிணிக்கு மரண தண்டனை நிறைவேற்றக் கூடாது என்பது ரோமானியச் சட்டம். தோழர்களைப் பிரிந்து, பிறகு முன்பின் தெரியாதவர்களோடு சாக வேண்டிவருமோ என்று அஞ்சினார். தண்டனைக்குச் சில நாள் முன்பு சிறையிலேயே பெண் குழந்தை பிறந்தது. சபையைச் சேர்ந்த ஒரு பெண் அதைத் தன் மகளாக வளர்த்தார்.

மார்ச் 7. பேரரசரின் மகன் கெட்டாவின் பிறந்தநாள் விழா. அரங்கில் இரு பெண்கள்மீதும் வெறிபிடித்த பசு ஒன்று ஏவப்பட்டது. தூக்கியெறியப்பட்ட பெர்பெத்துவா எழுந்து, கீழே கிடந்த பெலிசித்தாவுக்குக் கைகொடுத்துத் தூக்கிவிட்டார். கடைசியில், வாள் பிடித்த இளம் வீரனின் கை நடுங்கியது. அந்தக் கையைப் பிடித்துத் தன் கழுத்துக்குக் கொண்டுபோனவர் பெர்பெத்துவாதான்.

இந்தக் கடைசிப் பகுதியை எழுதியது வேறொருவர். விழாவுக்கு முந்தைய நாளோடு டைரி நின்றுவிடுகிறது. அரங்கில் நடப்பதை விரும்புகிறவர் எழுதிக்கொள்ளட்டும் என்று அதை முடித்திருந்தார் பெர்பெத்துவா.

பின்னாளில் புனித அகுஸ்தீன் இவர்களுடைய திருநாளில் மறையுரை ஆற்றினார். இத்தாலியின் ராவென்னா நகரத் தேவாலயச் சுவரில், 6-ம் நூற்றாண்டின் மொசைக் ஓவியத்தில் இருவரும் இருக்கிறார்கள். கத்தோலிக்கத் திருப்பலியின் பழமையான நன்றி மன்றாட்டிலும் இவர்கள் பெயர்கள் உண்டு. ஒருவர் செல்வந்தர் வீட்டுப் பெண், மற்றவர் அடிமை. இன்றும் மார்ச் 7 அன்று இருவருக்கும் சேர்த்து ஒரே திருநாள்தான்.