ராஜம்மாவுக்கு என்ன வேண்டும்?

திருவனந்தபுரம் வலியசாலையின் அக்கிரகார வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்பவை. ஒரு வீட்டில் மிளகாய் தாளித்தால் அடுத்த வீட்டில் தும்முவார்கள். தலைமுறைகளுக்கு முன்பே வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்களின் தெரு அது. அங்கிருந்து கிள்ளிப்பாலத்தைத் தாண்டினால் கரமனை. அந்த ஊர்ப் பெயரைத் தன் பெயரோடு சுமந்த நடிகர் கரமனை ஜனார்த்தனன் நாயர், 1981ல் ஒரு படத்தில் வலியசாலைக்கு நேர் எதிரான வீடு ஒன்றில் குடியிருந்தார். தோட்டம், குளம், மரங்களுக்கு நடுவே தன்னந்தனியாக நிற்கும் நாயர் தறவாடு அது. உள்ளே யார் முனகினாலும் வெளியே கேட்காது.

படம், அடூர் கோபாலகிருஷ்ணனின் 'எலிப்பத்தாயம்'. தமிழில் எலிப்பொறி. 1982ல் பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட்டின் சதர்லேண்ட் கோப்பையை வென்ற படம். நாயகன் உண்ணி நடுவயதுக்காரர். மூத்த சகோதரி ஜானம்மா திருமணமாகி வேறு வீட்டில் இருக்கிறாள். உண்ணியோடு இருப்பவர்கள் ராஜம்மாவும் (சாரதா), கடைக்குட்டி ஸ்ரீதேவியும் (ஜலஜா). சோறு, குளிக்கத் தண்ணீர், தேய்க்க எண்ணெய் எல்லாம் உண்ணி இருக்கும் இடத்துக்கே வந்துவிடும். அவருடைய உழைப்பெல்லாம் மீசையில் நரைத்த முடியைத் தேடுவதுதான். தோட்டத்தில் மாடு நுழைந்தால் விரட்ட ராஜம்மாவைக் கூப்பிடுவார். குடையோடு ஜம்மென்று கிளம்பியவர், வழியில் தேங்கிய தண்ணீரைப் பார்த்துவிட்டு வீட்டுக்கே திரும்பிவிடுகிறார்.

இந்த மனிதருக்கு என்னதான் தேவை? மனிதநேய உளவியலில் இதற்கு ஒரு பிரபலமான அளவுகோல் உண்டு. பி.எட். படித்தவர்களும் மேலாண்மை வகுப்புகளில் உட்கார்ந்தவர்களும் மறக்கவே முடியாத பெயர் ஆபிரகாம் மாஸ்லோ. மனிதனின் தேவைகளுக்கு ஒரு வரிசை இருக்கிறது என்று 1943ல் எழுதினார் இந்த அமெரிக்கர். முதலில் பசியும் தூக்கமும், அடுத்து பாதுகாப்பு, பிறகு அன்பும் உறவும், அதற்கு மேல் மதிப்பு. கடைசியில், தன்னுள் இருக்கும் திறன் முழுவதும் மலர்வது. கீழே உள்ளது ஓரளவு நிறைந்தால்தான் மேலே உள்ளது மனிதனை உந்தத் தொடங்கும் என்பது அவர் கருத்து. (பாடப் புத்தகங்கள் விடாமல் அச்சிடும் அந்த முக்கோணப் படத்தை வரைந்தவர் மாஸ்லோ இல்லை. பின்னால் வந்தவர்கள் செய்த உபகாரம் அது.)

இந்தக் கணக்குப்படி உண்ணி எப்போதோ மாடிக்குப் போயிருக்க வேண்டும். வயிறு நிறைகிறது, கூரை ஒழுகவில்லை. ஆனால் படம் தொடங்குவதே அவருடைய அலறலில். தூக்கத்தில் எலி மேலே ஏறிவிட்டது. வீடே விளக்கோடு எழுந்து ஓடுகிறது. இன்னோர் இரவு தேங்காய் திருடு போகிறது, சத்தம் கேட்டும் படுக்கையை விட்டு எழ மாட்டார். பாதுகாப்பு என்ற இரண்டாவது படியிலேயே இந்த மனிதர் ஆயுள் முழுவதும் நின்றுகொண்டிருக்கிறார்.

காரணத்தை மாஸ்லோவிடமே தேடலாம். நிலையான சுயமதிப்பு உண்மையான திறமையிலிருந்தும் சாதனையிலிருந்தும் வர வேண்டும் என்கிறார் அவர். உண்ணியிடம் இருப்பது குடும்பப் பெயர் மட்டும்தான். அந்தப் பெயருக்கும் வெளியே காலம் முடிந்துகொண்டிருந்தது. 1970 ஜனவரி முதல் தேதியோடு கேரளத்தில் குத்தகை நிலம் உழுபவருக்குப் போனது. 1976ல் கூட்டுக்குடும்பச் சொத்துரிமையையே சட்டம் ஒழித்தது. மருமக்கத்தாயத்தில் சொத்து வருவது பெண்வழியில், ஆண் அதை நிர்வகிக்கும் காரணவர் மட்டுமே என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். ஜானம்மா வந்து பங்கு கேட்கும்போது உண்ணி பதறுவது அதனால்தான். அவர் அதிகாரம் செய்யும் வீடு, கணக்குப் பார்த்தால் அவருக்குப் பணிவிடை செய்கிற பெண்களின் வழியே வந்தது.

உண்ணியைப் பற்றி விமர்சகர்கள் நிறையவே எழுதிவிட்டார்கள். பிரபுத்துவத்தின் வீழ்ச்சி, பொறியில் சிக்கிய எலி, எல்லாம் சரிதான். ஆனால் தேவை என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு படத்தைப் பார்த்தால் கண் அவரிடம் நிற்பதில்லை, ராஜம்மாவிடம் போகிறது. மாஸ்லோவின் ஏணியில் அவள் எந்தப் படியில் இருக்கிறாள்? எதிலுமே இல்லை, ஏணியைப் பிடித்துக்கொண்டு கீழே நிற்கிறாள். அவளுக்கு வந்த வரனைக் குடும்ப கௌரவம் பேசித் தட்டிவிடுகிறார் உண்ணி. அவள் போய்விட்டால் சோறு யார் போடுவது என்பதை வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

நெடுநாள் இல்லாமையில் இருந்தவர்களின் ஆசையே சுருங்கிவிடக்கூடும் என்றும் மாஸ்லோ எழுதியிருக்கிறார். ராஜம்மாவுக்கு அது பொருந்தவில்லை. சாரதாவின் முகத்தைக் கவனித்தால் தெரியும், ஆசை சுருங்கவில்லை. கேட்பாரில்லாமல் கிடக்கிறது. வயிற்று வலியைக்கூட அவள் வேலைகளுக்கு நடுவில்தான் அனுபவிக்கிறாள்.

இதே துறையின் இன்னொரு பெரியவர் கார்ல் ரோஜர்ஸ், சிறுவயதில் வீட்டு நிலவறையில் கண்ட உருளைக்கிழங்குகளைப் பற்றிச் சொல்வார். இருட்டில் வெளிறிப்போன முளைகள், எங்கோ உயரத்தில் இருந்த சின்ன ஜன்னலின் வெளிச்சத்தை நோக்கி நீண்டுகொண்டிருந்தனவாம். ஒருநாளும் செடியாகப் போவதில்லை, இருந்தும் முயற்சியை விடவில்லை. எலியைப் பொறியோடு தூக்கிப்போய்க் குளத்தில் முக்கும் ஸ்ரீதேவி அந்த ஜன்னலைக் கண்டுபிடித்துவிடுகிறாள். ஒருநாள் வீட்டைவிட்டு ஓடிப்போகிறாள். ராஜம்மாவுக்கு ஜன்னலும் இல்லை.

அடூரே 1977ல் எடுத்த 'கொடியேற்றம்' இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய படம். அதில் பரத் கோபியின் சங்கரன்குட்டியும் சகோதரியின் சம்பாத்தியத்தில் சாப்பிட்டுத் திரிகிற சோம்பேறிதான். ஆனால் தன் மேல் சேற்றை அடித்துவிட்டுப் போகும் லாரியைத் திட்டாமல், அதன் வேகத்தைப் பார்த்து வாய் பிளக்கிறான். பின்னால் லாரியிலேயே வேலைக்குச் சேர்ந்து, மெல்ல ஆளாகிறான். உண்ணியின் மேல் சேறு படுவதற்கே வாய்ப்பில்லை, தண்ணீரைக் கண்டதுமே திரும்பிவிடுகிறாரே.

ராஜம்மா ஒருநாள் சுருண்டு விழுகிறாள். ஊரார்தான் தூக்கிக்கொண்டு போகிறார்கள். உண்ணி கூடப் போகவில்லை. கதவை அடைத்துக்கொண்டு இருட்டில் பதுங்குகிறார். சமைத்துப் போட ஆளில்லாத வீட்டில், ஏணியின் முதல் படியும் அவர் காலடியிலிருந்து நழுவுகிறது. கடைசியில் சிலர் வந்து அவரை இழுத்துப்போய், எலிகளை முக்கிய அதே குளத்தில் வீசுகிறார்கள். நடுங்கியபடி கைகூப்பி எழுந்து வருகிறார். அது மறுபிறப்பா, வெறும் குளிர் நடுக்கமா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை.

கரையில் ராஜம்மா இல்லை. துவட்டத் துண்டு நீட்டவும் ஆளில்லை.