கார்டு மட்டும் கம்ப்யூட்டர் ஆகாது

போர்வெல்லுக்கு மோட்டார் வாங்கப் போகிற பெருந்துறைக்காரர் கடைக்குள் நுழைந்ததும், "இருக்கிறதிலேயே பெரிய மோட்டாராக் குடுங்க" என்று கேட்கமாட்டார். போர் எத்தனை அடி, தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது, ஊற்று எவ்வளவு, குழாய் ஒன்றே காலா ஒன்றரையா, கம்பத்திலிருந்து ஒயர் எவ்வளவு தூரம், சாயங்காலத்தில் வோல்டேஜ் எவ்வளவு இறங்கும் என்று அத்தனையும் சொல்லிவிட்டுத்தான் எத்தனை ஹெச்பி, எத்தனை ஸ்டேஜ் என்ற பேச்சுக்கு வருவார். தண்ணீர் இல்லாத குழியில் 10 ஹெச்பி மோட்டாரை இறக்கினால் காயில் கருகும் என்பது இங்கே பள்ளிக்கூடப் பையனுக்கும் தெரியும். நாடு முழுக்கப் பம்பு அனுப்புகிற கோயமுத்தூருக்குப் பக்கத்தில் வாழ்கிறவர்களுக்கு இது தெரியாமல் இருக்குமா?

அதே வீட்டில் மகனுக்குக் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யும்போது மட்டும் இந்த அறிவை வாசலிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள். "கிராபிக்ஸ் கார்டு பெருசாப் போட்டுட்டா கேமும் பறக்கும், போட்டோ எடிட்டிங்கும் பறக்கும்." ஈரோட்டிலிருந்து கோவை காந்திபுரம் வரை, சென்னை ரிச்சி தெரு வரை, இந்த ஒரு வாக்கியத்தை நம்பி லட்சக்கணக்கில் கொட்டுகிறார்கள். இந்த நம்பிக்கை தவறு. தறி ஓட்டியும் மஞ்சள் விற்றும் சேர்த்த பணத்தைத் தின்கிற தவறு என்பதால்தான் இதைக் கண்டித்து எழுதுகிறேன்.

மாசி முகூர்த்தங்கள் முடிந்த ஒரு வாரத்தில் கல்யாண போட்டோ எடுக்கும் தம்பி ஒருவர் கேபினெட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். "ஏனுங்கண்ணா, கார்டு மட்டுமே அத்தனை காசு குடுத்துப் போட்டேன். லைட்ரூம்ல டீநாய்ஸ் குடுத்தா பொட்டுனு ஆஃப் ஆயிடுதுங்க. போட்டோஷாப்ல ஒரு ஷீட்டைத் திறந்தா டீ குடிச்சுட்டு வரலாம்."

பக்கவாட்டுக் கண்ணாடியைக் கழற்றினேன். அவர் வீட்டை ஒட்டி விசைத்தறி ஓடுகிறது. பிராசசரின் ஹீட்சிங்க் இடுக்குகள் முழுக்கப் பஞ்சு அடைத்து, கிள்ளி எடுத்தால் திரியாகவே வந்தது. உள்ளே இருந்தது 170 வாட் இழுக்கும் ஆர்டிஎக்ஸ் 3060. நல்ல கார்டு, குறை சொல்ல ஒன்றுமில்லை. கேபினெட்டோடு சும்மா வந்த பவர் சப்ளையான எஸ்எம்பிஎஸ்ஸின் மேல் 450 என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அதே லேபிளின் கீழ்க்கட்டத்தில், 12 வோல்ட் வரிசைக்கு நேராக, 16 ஆம்பியர் என்று பொடி எழுத்து. பன்னிரண்டைப் பதினாறால் பெருக்கினால் 192 வாட். பிராசசரும் கார்டும் கரண்டு எடுப்பது பெரும்பாலும் இந்த வரிசையில்தான். கார்டுக்கே 170 போனால் மீதி 22 வாட்டில் பிராசசர் எப்படி ஓடும்? படத்தின் புள்ளி இரைச்சலை நீக்கும் டீநாய்ஸைக் கொடுத்ததும் கார்டு முழு மூச்சில் வேலை செய்கிறது, எஸ்எம்பிஎஸ் தாங்காமல் விழுகிறது. ராம் ஸ்லாட்டில் 8 ஜிபி ஒற்றைக் குச்சி. அடியில் ஒரே ஒரு ஹார்ட் டிஸ்க். அதில் மூன்று வருடக் கல்யாணங்கள், வேறெங்கும் காப்பி இல்லாமல். மொத்தப் பணத்தில் பாதிக்குமேல் கார்டுக்குப் போயிருந்தது.

அந்தத் தம்பியை நான் குறை சொல்லமாட்டேன். யாரும் அவரிடம் வேலையைப் பற்றிக் கேட்கவில்லை. ஆகவே அந்த வேலையை இங்கே கணக்குப் போட்டே காட்டுகிறேன்.

நம் பக்கத்துக் கல்யாண ஆல்பத்தில் வழக்கமான ஷீட் 12க்கு 36 இஞ்ச். லேபுக்கு 300 டிபிஐயில் அனுப்பினால் அகலத்தில் 10,800, உயரத்தில் 3,600 புள்ளிகள். பெருக்கினால் ஏறக்குறைய 3.9 கோடி. ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று பைட். அதாவது ஷீட்டை முழுதாக மூடும் ஒரு லேயருக்கே 117 எம்பி. பின்னணி, மணமக்கள் படம், நிழல், பூ டிசைன் என்று 15 லேயர் ஏறினால் ஒன்றேமுக்கால் ஜிபி. அன்டூ செய்வதற்காகப் பழைய நிலைகளையும் போட்டோஷாப் பிடித்து வைத்திருக்கும். நாலு ஷீட்டைத் திறந்து, பக்கத்தில் லைட்ரூமையும் பிரவுசரையும் வைத்துக்கொண்டால் 8 ஜிபி எங்கே போதும்? இடமில்லாதபோது மென்பொருள் டிஸ்க்கில் எழுதி எழுதி எடுக்கும். சுழலும் ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 150 எம்பி அளவில்தான் கொடுக்கும். சாட்டா எஸ்எஸ்டி 550, என்விஎம்ஈ எஸ்எஸ்டி 3,000க்கும் மேல். அவர் டீ குடித்துவிட்டு வந்த நேரம் முழுவதும் அந்த ஹார்ட் டிஸ்க் திணறிய நேரம். அந்த நேரத்தில் விலை உயர்ந்த கார்டு கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

ராமிலும் ஒரு நுணுக்கம் உண்டு. டிடிஆர்4 3200 குச்சி ஒன்று நொடிக்கு 25.6 ஜிபி கடத்தும். ஒரே அளவில் இரண்டு குச்சிகளைச் சரியான ஸ்லாட்டில் செருகினால் இரண்டு வாய்க்காலிலும் பாய்ந்து 51.2 ஜிபி ஆகும். 16 ஜிபி ஒரே குச்சியைவிட இரண்டு 8 ஜிபி மேல் என்பதை ஒரே வரியில் சொல்லிவிடலாம். எத்தனை கடைகளில் சொல்கிறார்கள்?

அடுத்தது, பெயரைப் பார்த்து மயங்குவது. பிராசசரில் ஐ3 ஏழைக்கு, ஐ5 நடுத்தரத்துக்கு, ஐ7 பணக்காரருக்கு என்று ஜாதி பிரித்து வைத்திருக்கிறார்கள். 2017-இல் வந்த ஐ7 7700கே நாலு கோர். 2022-இல் வந்த ஐ3 12100-உம் நாலு கோர்தான். ஆனால் பெரும்பாலான வேலைகளில் அந்தப் பழைய ஐ7-ஐ முந்துகிறது. பழைய ஐ7-ஐ "ஐ7 சிஸ்டம்" என்று சொல்லி விற்பவரிடம் எந்தத் தலைமுறை என்று கேட்காமல் பணம் கொடுப்பது, மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் சந்தையில் விலை பேசுவதற்குச் சமம்.

கிராபிக்ஸ் கார்டிலும் இதே கதை. ஜிடி 1030 என்ற பெயரில் 2017-இல் ஜிடிடிஆர்5 மெமரியோடு ஒரு கார்டு வந்தது. நொடிக்கு 48 ஜிபி. அடுத்த வருடம் அதே பெயரில் டிடிஆர்4 மெமரியோடு இன்னொன்று வந்தது. 17 ஜிபிகூட இல்லை. எழுதியிருக்கும் பெயர் ஒன்று, உள்ளே இருக்கும் சரக்கு வேறு. 2022-இல் ஆர்டிஎக்ஸ் 4080 என்ற ஒரே பெயரில் வெவ்வேறு சிப்புகளோடு இரண்டு கார்டுகளை அறிவித்த என்விடியா, கண்டனம் கிளம்பியதும் 12 ஜிபி கார்டை விற்பனைக்கு வருமுன்பே திரும்பப் பெற்றது.

விலை கூடினால் நம்பிக்கை கூடுமா என்றால் அதுவும் இல்லை. இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்கள், குறிப்பாக உச்சத்தில் இருந்த ஐ9கள், தேவைக்கு மீறிய வோல்டேஜ் வாங்கிக் காலப்போக்கில் நிலைகுலைந்தன. 2024-இல் இன்டெல் அதை ஒப்புக்கொண்டு மைக்ரோகோடு திருத்தம் வெளியிட்டு, உத்தரவாதத்தை இரண்டு வருடம் நீட்டியது.

"அதெல்லாம் எடிட்டிங்குக்குங்க, கேமுக்குக் கார்டுதானே எல்லாம்?" என்பார்கள். நம் பையன்கள் அதிகம் விளையாடும் வேலரண்ட் 2020-இல் வந்தபோது, நொடிக்கு 144 பிரேமுக்கு மேல் ஓட அதன் நிறுவனம் சொன்ன கார்டு, 2016-இல் வந்த ஜிடிஎக்ஸ் 1050 டிஐ. அந்த மாதிரி விளையாட்டில் பிரேமைத் தீர்மானிப்பது பெரும்பாலும் பிராசசர். அதற்கும் மேலே, மானிட்டர் 60 ஹெர்ட்ஸ் என்றால் கார்டு 300 பிரேம் தள்ளினாலும் திரை நொடிக்கு 60 முறைதான் படத்தை மாற்றும். பெரிய மோட்டார் போட்டு அரை இஞ்ச் குழாயில் தண்ணீர் எதிர்பார்ப்பதுதான் இது.

மானிட்டரைப் பற்றி நான் கோபத்தோடுதான் பேச வேண்டியிருக்கிறது. கார்டுக்குக் கொட்டிவிட்டு, மிச்சத்தில் கிடைத்த திரையை வாங்கி வைக்கிறார்கள். மலிவான லேப்டாப் திரைகள் பலவற்றில் 45 சதவீதம் என்டிஎஸ்சி என்று போட்டிருக்கும். எஸ்ஆர்ஜிபி என்ற வழக்கமான வண்ண எல்லையில் மூன்றில் இரண்டு பங்கைக்கூட அது எட்டாது. அதில் முகூர்த்தப் பட்டின் அரக்குச் சிவப்பு வெளுத்துத் தெரியும். டிசைன் செய்கிறவர் வண்ணத்தைக் கூட்டுவார். லேபிலிருந்து பிரிண்ட் வரும்போது சேலையின் மடிப்புகள் எல்லாம் ஒரே சிவப்புக் கட்டியாகி, மஞ்சள் பூசிய முகம் ஆரஞ்சாக நிற்கும். "ஆல்பம் இருட்டா வந்திருக்குங்க" என்று பெண் வீட்டார் சொல்வதற்கும் பெரும்பாலும் காரணம் லேப் இல்லை. பிரைட்னஸை முழுக்க ஏற்றி வைத்த மானிட்டர். திரையே வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டினால் படத்தில் வெளிச்சம் போதும் என்று கண் நம்பிவிடும். எஸ்ஆர்ஜிபி முழுதையும் காட்டும் ஐபிஎஸ் மானிட்டர், அதைக் கருவி வைத்து காலிபரேட் செய்யும் பழக்கம், இந்த இரண்டும் இல்லாமல் எடிட்டிங் மெஷின் என்று எதையும் அழைக்கக்கூடாது.

ஊருக்கு ஏற்ற கணக்கும் உண்டு. சித்திரையில் ஈரோட்டுப் பக்கம் 40 டிகிரியைத் தாண்டுகிறது. சூடு எல்லை மீறினால் பிராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். தறிப் பஞ்சு பறக்கும் தெருவில், காற்று வராத கண்ணாடிப் பெட்டியில் ஏழு கலர் விளக்கைப் போட்டு ஐ9-ஐ அடைத்தால், அது ஐ5 வேகத்துக்கு இறங்கித்தான் ஓடும். முன்பக்கம் சல்லடையும் கழற்றிக் கழுவும் டஸ்ட் ஃபில்டரும் உள்ள கேபினெட், ஒழுங்கான எர்த்திங், கரண்டு போனால் ஃபைலைச் சேவ் செய்ய ஐந்து நிமிடம் கொடுக்கும் யுபிஎஸ். யூடியூப் வீடியோவில் இவை மின்னாது. ஆனால் மெஷினைக் காப்பவை இவைதான்.

கார்டே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2023-இல் லைட்ரூமில் வந்த ஏஐ டீநாய்ஸ் கார்டில்தான் ஓடுகிறது. நல்ல கார்டில் ஒரு படத்துக்குச் சில நொடி, கார்டு இல்லாவிட்டால் பல நிமிடம். 4கே திரையில் கனமான விளையாட்டு ஆடுகிறவருக்கும், டாவின்சியில் கல்யாண வீடியோ வெட்டுகிறவருக்கும் பெரிய கார்டு அவசியம். அவர்கள் வாங்கட்டும். ஆனால் அவர்களும் அந்தக் கார்டு எத்தனை வாட் கேட்கிறது என்று பார்த்துவிட்டே வாங்கவேண்டும். ஆர்டிஎக்ஸ் 4090 என்றால் 450 வாட், 5090 என்றால் 575 வாட்.

ஒரு மெஷினின் பலம் அதில் உள்ள விலை கூடின பாகத்தில் இல்லை. செய்யப்போகும் வேலைக்கு எந்தப் பாகம் முதலில் மூச்சு வாங்குகிறதோ அதுதான் மெஷினின் வேகம். கொட்டேஷன் போடும் கடைக்காரர் "பட்ஜெட் எவ்வளவுங்க" என்பதற்கு முன்னால் "ஷீட் என்ன சைஸ், மானிட்டர் என்ன, வீட்டில் தறி ஓடுதுங்களா" என்று கேட்க வேண்டும். அவர் கேட்காவிட்டால் வாங்குகிறவர் சொல்ல வேண்டும், போர்வெல் மோட்டாருக்குச் சொல்வது போலவே.

அந்தத் தம்பியின் கார்டை நான் தொடவில்லை. 12 வோல்ட் வரிசையில் 45 ஆம்பியர் கொடுக்கும் 550 வாட் எஸ்எம்பிஎஸ், 16 ஜிபி குச்சி இரண்டு, ஒரு என்விஎம்ஈ எஸ்எஸ்டி மாற்றினோம். ஹீட்சிங்கைக் கழற்றிப் பஞ்சை ஊதினோம். டீநாய்ஸ் நிற்காமல் ஓடியது. ஆனால் அதற்கும் முன்னால் செய்தது வேறு. பழைய டிஸ்க்கிலிருந்த மூன்று வருடக் கல்யாணங்களையும் புதிதாக வாங்கிய இன்னொரு டிஸ்க்கில் காப்பி எடுத்தோம். ராத்திரி முழுக்க ஓடி, விடியற்காலையில் முடிந்தது. கார்டு போனால் காந்திபுரத்தில் வேறு வாங்கலாம். தாலி கட்டிய அந்த நிமிடம் எந்தக் கடையிலும் கிடைக்காது. பாகங்களின் பட்டியல் எழுத உட்காரும்போது முதல் வரியில் அந்த இரண்டாவது டிஸ்க்கை எழுதுங்கள். கார்டை அதற்கப்புறம் யோசிக்கலாம்.