பகடி யாரை அடிக்கிறது?

'டியூக் நியூக்கம்' ஆண்மைத் திமிரைக் கேலி செய்யும் பாத்திரம்தானே, அதில் எங்கே பெண்ணடிமைத்தனம் என்று கேட்கிறார்கள். 2011இல் வந்த 'டியூக் நியூக்கம் ஃபாரெவர்' விளையாட்டில், பலர் சேர்ந்து ஆடும் ஒரு பகுதியில், எதிரணியின் கொடிக்குப் பதிலாக ஒரு பெண்ணைத் தூக்கி வர வேண்டும்; அவள் திமிறினால் அடித்து அடக்கலாம். நாயகனின் திமிருக்கு இங்கே எந்த அடியும் விழவில்லை. அடி வாங்குவது பெண்.

பெண்ணைக் கொடியாக்குவது நமக்குப் புதிதல்ல. குலமானத்தை அவள் உடலில் ஏற்றிவிட்டு, சாதி மாறிக் காதலித்தால் கொல்கிறது சாதி. ஆண்மை என்ற கருத்து அழியாமல் பெண் விடுதலை இல்லை என்று 'பெண் ஏன் அடிமையானாள்?' நூலில் பெரியார் வாதிட்டது இதனால்தான்.

ஏர்வாடித் தம்பி தங்கைகள் கைப்பேசியில் தாராளமாக ஆடட்டும். நாம் தடை கேட்கவில்லை. எந்தப் பகடியையும் ஒரு கேள்வியால் சோதியுங்கள்: அது அடிப்பது ஆதிக்கத்தையா, பெண்ணையா?